‘இங்கே கையெழுத்திடுங்கள்’: ரியாத் பிரசவ வார்டில் பதினேழு ஆண்டுகள்

2007ஆம் ஆண்டு ரமலான் மாதத்தின் ஓர் இரவு, ரியாத்தில் நான் செவிலியராகப் பணியாற்றிய மருத்துவமனையின் பிரசவ வார்டில் எனக்கு டூட்டி. மூன்றாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஓர் ஆசிரியைக்கு, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனதால், அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். படிவத்தை நான் நீட்டியதும் அந்தப் பெண் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். வார்டு எழுத்தர்தான் தடுத்தார். கணவரோ தகப்பனாரோ கையெழுத்திட வேண்டும் என்றார். கணவர் நானூறு கிலோமீட்டர் தொலைவில் தம்மாமில் இருந்தார், தகப்பனார் இறந்துபோயிருந்தார். அவசரம் என்று எழுதித் தம் பொறுப்பில் அழைத்துச் செல்ல மருத்துவரும் தயங்கினார். ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் கழித்து, அந்தப் பெண்ணின் பத்தொன்பது வயதுத் தம்பி ஓடிவந்து கையெழுத்திட்டான். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். மறுநாள் காலை நான் மருந்து கொடுக்கப் போனபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை இதுதான்: “அந்தத் தம்பிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.”

அந்த இரவுக்குப் பல மாதங்கள் கழித்துத்தான், சவூதி அரேபியாவின் சுகாதாரத் தொழில் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதன் 19ஆம் பிரிவு சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதத்தைக் கேட்கிறது; நோயாளி சம்மதம் தரும் நிலையில் இல்லாதபோதுதான் அவர் சார்பாக இன்னொருவரைக் கேட்கிறது. நோயாளி ஆணா பெண்ணா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் வார்டில் அந்தப் பிரிவை ஒருவரும் படித்திருக்கவில்லை. எழுத்தர் காத்துக்கொண்டிருந்தது சட்டத்தை அல்ல, தமக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் செய்த வழக்கத்தை.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதி இருந்ததா என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். சவூதிக்குப் போவதற்கு முன் நான்கு ஆண்டுகள் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். இந்தியாவின் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே போதும். ஆனால் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று எத்தனையோ பெண்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ரியாத்தில் அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்த்த பிறகுதான், நான் திருப்பி அனுப்பிய முகங்கள் என் நினைவுக்கு வந்தன.

நான் மேலப்பாளையத்துக்காரி. உம்மா பீடி சுற்றியும் வாப்பா ஜவுளிக்கடையில் நின்றும் என்னை நர்சிங் படிக்க வைத்தார்கள். பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது, மணமகன் தரும் மஹர் அவள் கைக்கே போக வேண்டியது, நபிகளாரின் துணைவியார் கதீஜா நாயகி வணிகம் செய்தவர் என்றெல்லாம் மதரஸாவில் கற்று வளர்ந்தவள். அதனால் 2005இல் ரியாத்தில் இறங்கியபோது நான் கண்டவற்றில் எது மார்க்கம், எது அந்த ஊர் வழக்கம், எது அரசின் உத்தரவு என்று பிரித்துப் பார்க்க எனக்கே சில ஆண்டுகள் பிடித்தன. அப்போது உலகில் வேறு எந்த நாட்டிலும் பெண்கள் கார் ஓட்டுவதற்குத் தடை இருக்கவில்லை. மற்ற முஸ்லிம் நாடுகளிலெல்லாம் பெண்கள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான். மார்க்கம் என்று நினைத்துவிட்டால் நாம் வாயைத் திறக்க மாட்டோம். வழக்கம் என்று தெரிந்தால், என்றாவது மாறும் என்று பொறுமையோடு பேசலாம். உத்தரவு என்று தெரிந்தால், அதன் எண்ணைக் கேட்கலாம்.

எங்கள் ஹாஸ்டலிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை பத்ஹா கடைவீதிக்கு மருத்துவமனைப் பேருந்து போகும். அப்போதெல்லாம் அபாயா என்ற நீண்ட மேலங்கி இல்லாமல் வெளியே போக முடியாது. உணவகத்தில் குடும்பப் பிரிவு என்று தனி வாசல். தொழுகை நேரத்தில் கடைகளின் கதவுகள் இறங்கிவிடும். முத்தவாக்கள் என்ற மார்க்கக் காவலர்கள் எந்தத் திருப்பத்தில் நிற்பார்களோ என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, என்னோடு பணியாற்றிய சவூதிப் பெண்கள் அந்த வாழ்க்கைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான்.

எங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கஸீம் வட்டாரத்தைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய தாயார் பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். 1960இல்தான் அரசு பெண்களுக்குப் பள்ளிகள் திறக்கத் தொடங்கியது என்றும், புரைதா நகரத்தில் பெரியவர்கள் திரண்டு எதிர்த்தார்கள் என்றும், விருப்பமில்லாதவர்களை மகளை அனுப்பச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பள்ளியை மூடவும் இல்லை என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதிர்த்தவர்களின் பேத்திகள் இன்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார்கள் என்பார். ஆனாலும், பெண் கல்வி நெடுங்காலம் மார்க்க அதிகாரிகளின் பொறுப்பிலேயே இருந்தது. 2002 மார்ச் மாதம் மக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்தார்கள். தலையை மூடாமல் ஓடிவந்த பிள்ளைகளை முத்தவாக்கள் தடுத்ததாகச் சவூதிச் செய்தித்தாள்களே எழுதின. அதற்குப் பிறகுதான் பெண்கள் பள்ளிகள் கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்தன. இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒவ்வொரு முறையும் தாழ்ந்துவிடும். பதினைந்து பிள்ளைகளைக் கொடுத்து ஒரு துறை மாற்றத்தைப் பெற்றோம் என்று ஒரு முறை சொன்னார்.

1990 நவம்பர் 6ஆம் தேதி ரியாத் தெருக்களில் 47 பெண்கள் கார் ஓட்டிச் சென்றபோது அவர் கல்லூரி மாணவி. ஓட்டியவர்களில் அரசுப் பணியில் இருந்தவர்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள், பாஸ்போர்ட்டுகள் பறிக்கப்பட்டன, பள்ளிவாசல் மேடைகளில் அவர்களைப் பழித்துப் பேசினார்கள். அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த தடை, அந்த நாளுக்குப் பிறகு முறையான உத்தரவாகவே ஆகிவிட்டது. கேட்டதால் இருந்ததும் போயிற்றே என்று நான் சொன்னபோது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா என்றார். 2011இல் மனால் அல்ஷரீஃப் கோபார் நகரத்தில் கார் ஓட்டும் காட்சியைப் படமெடுத்து வெளியிட்டுச் சிறைக்குப் போனார். 2014இல் லுஜைன் அல்ஹத்லூல் அமீரகத்திலிருந்து தாமே ஓட்டிவந்து எல்லையில் பிடிபட்டு 73 நாட்கள் காவலில் இருந்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் ஓய்வறையில் அந்த 47 பேரைப் பற்றிய பேச்சுத் திரும்ப வந்தது.

இவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒரு மாற்றத்திலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பெண்கள் ஆண்களோடு கலக்கக் கூடாது என்ற அந்த நாட்டில், பெண்களின் உள்ளாடைகளை விற்றவர்கள் ஆண்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். முகத்தை மூடிக்கொண்ட பெண், முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் தன் அளவைச் சொல்ல வேண்டும். ஜித்தாவில் நிதித்துறை விரிவுரையாளராக இருந்த ரீம் அஸ்அத் 2008 முதல் இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அப்படிப்பட்ட கடைகளைப் புறக்கணிக்கும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டார். 2011இல் மன்னர் அப்துல்லாஹ் உத்தரவிட்டார். 2012 ஜனவரியிலிருந்து அந்தக் கடைகளில் பெண்களே விற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கும் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆனால் வெட்கம், கண்ணியம் என்று எதிர்த்தவர்கள் எந்தச் சொற்களை வைத்துப் பெண்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்களோ, அதே சொற்களை வைத்தே இந்தப் பெண்கள் வேலை கேட்டதால், மறுப்பவர்கள் திணறிப்போனார்கள். எங்கள் வார்டுக்குத் தன் தங்கையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண், மணவிலக்குப் பெற்று இரண்டு பிள்ளைகளோடு தகப்பன் வீட்டில் இருந்தவர், அந்த ஆண்டு ஒரு வணிக வளாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் மாதச் சம்பளத்தில் எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழப் பெட்டி வாங்கி வந்தார். வீட்டில் பேசுகிற மொழியிலேயே கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் காது கொடுக்கிறார்கள் என்பதை நான் எந்தப் பயிலரங்கிலும் கற்கவில்லை, அந்தப் பெட்டியைக் கையில் வாங்கியபோதுதான் கற்றேன்.

2013இல், மன்னருக்கு ஆலோசனை சொல்லும் ஷூரா மன்றத்தின் 150 உறுப்பினர்களில் 30 பேர் பெண்களாக நியமிக்கப்பட்டார்கள்; 2015 டிசம்பரில் நகராட்சித் தேர்தலில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள், போட்டியும் இட்டார்கள். வார்டில் இவை பெரிதாகப் பேசப்படவில்லை. 2016 ஏப்ரலில் முத்தவாக்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரம் எடுக்கப்பட்டதுதான் பேசப்பட்டது. தெருவில் நடப்பவர்களுக்கு அது அன்றைக்கே தெரிந்தது.

என்னுடைய கையெழுத்தின் கதையும் இதற்குள் இருக்கிறது. சவூதிப் பெண்ணுக்கு வலீ என்ற ஆண் பொறுப்பாளர் இருந்ததைப் போல, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த எனக்குக் கஃபீல் என்ற பொறுப்பாளர் இருந்தார். மருத்துவமனைதான் என் கஃபீல். 2009இல் வாப்பா மௌத்தானபோது, ஊருக்குப் போய்த் திரும்பி வர அனுமதிக்கும் ரீ-என்ட்ரி தாளில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தார். நான்கு நாட்கள் காத்திருந்தேன். ஜனாஸாவுக்கு எப்படியும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது, மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்காவது உம்மாவின் பக்கத்தில் இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு மட்டும் நேர்ந்ததாக நினைத்து அழுதுகொண்டிருந்தபோது, அந்தச் சமூகப் பணியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் போகத் தமக்கும் தம் தம்பியின் அனுமதித் தாள் வேண்டும் என்று சொன்னார். எங்கள் இருவருக்கும் இடையில் நட்பு வேரூன்றியது அப்போதுதான்.

அந்தத் தாள் பின்னர் கைப்பேசிக்குள் போயிற்று. அப்ஷிர் என்ற அரசுச் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தி, வலீ தன் பொறுப்பில் இருக்கும் பெண்ணின் பயணத்துக்கு அனுமதி தரலாம், தராமலும் இருக்கலாம் என்று அப்போது இருந்தது. தொழில்நுட்பம் வந்தால் விடுதலை வந்துவிடும் என்று எண்ணியிருந்த எனக்கு அது ஒரு பாடமாக இருந்தது.

2017 செப்டம்பர் 26 அன்று இரவு, பெண்கள் கார் ஓட்டலாம் என்ற அரசாணை வெளியானபோது, வார்டில் ஒரு தாய் குலவையிட்டார். ஆணை 2018 ஜூன் 24 அன்று நடைமுறைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, அதே உரிமையைக் கேட்டுப் போராடிய லுஜைன் உட்பட பல பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். லுஜைன் 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். அதன் பிறகும் அவருக்குப் பயணத் தடை இருந்தது. கொடுத்தது மன்னர், கேட்டு வாங்கியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே அந்தக் கைதுகளின் செய்தி என்று நான் புரிந்துகொண்டேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன். வார்டில் அந்தப் பெயர்களை யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஆனால், உரிமம் எடுத்த முதல் வாரத்திலேயே தாமே காரோட்டி வேலைக்கு வந்த ஒரு சவூதிச் செவிலியர், வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். தம் சம்பளத்தில் பெரும்பங்கு ஓட்டுநருக்கே போய்க்கொண்டிருந்தது என்று முன்பு என்னிடம் சொல்லியிருந்தவர் அவர். அந்த ஓட்டுநர்களில் நம் ராமநாதபுரத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். இனி வேலை இருக்குமா என்று அவர்களுக்கு வந்த பயமும் உண்மையானதுதான். ஒருவருடைய விடுதலை இன்னொருவருடைய வீட்டு அடுப்பைத் தொடுகிறது என்பதை மறைத்துப் பேசக் கூடாது.

2019 ஆகஸ்டில் 21 வயது நிரம்பிய பெண்கள் தாமே பாஸ்போர்ட் எடுக்கலாம், தாமே பயணம் செய்யலாம், குழந்தை பிறந்ததைத் தாமே பதிவு செய்யலாம் என்று விதிகள் மாறின. பிரசவ வார்டில் இருந்தவளுக்கு அந்தக் கடைசி வரி பெரிய செய்தி. ஆனால் ஆணை வெளியான நாளும் அது எழுத்தரின் மேசையை வந்தடைந்த நாளும் ஒன்றல்ல. கணவர் வந்து பதிவு செய்யட்டும் என்று பழைய பழக்கத்திலேயே பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது நானும் அந்தச் சமூகப் பணியாளரும் ஒரு வேலை செய்தோம். புதிய விதியின் அரபு வாசகத்தை அச்சிட்டு, ஆணை எண்ணும் தேதியும் தெரியும்படி மேலே கோடிட்டு, தேவைப்படுகிற தாயின் கையில் ஒரு பிரதி கொடுத்தோம். சண்டை போட வேண்டாம், “இந்த விதியைச் சற்றுப் பார்த்துச் சொல்கிறீர்களா” என்று மட்டும் கேளுங்கள், அவர் பார்க்க மறுத்தால் மேலதிகாரியைச் சந்திக்க நேரம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். பெரும்பாலும் வேலை முடிந்துவிட்டது. தமக்குத் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள எந்த எழுத்தரும் விரும்ப மாட்டார். அவர் தாமே படித்துக் கண்டுபிடித்ததாக இருக்க இடம் கொடுத்தால், அடுத்த பெண்ணுக்கு அவரே வழி சொல்கிறார். இந்த முறை திருநெல்வேலித் தாலுகா அலுவலகத்துக்கும் பொருந்தும் என்று இப்போது அனுபவத்தில் சொல்கிறேன்.

அங்கே போகிற நம் பெண்களுக்கும் கையெழுத்தைச் சுற்றியே என் அறிவுரை இருக்கிறது. 2015 மே மாதத்துக்குப் பிறகு செவிலியர்களை இப்படிப்பட்ட நாடுகளுக்கு அனுப்ப அரசு முகமைகளுக்கே அனுமதி என்று இந்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டில் அதற்கென்று அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை போய் விசாரியுங்கள். ஒப்பந்தத்தின் அரபுப் பிரதியை, அரபு தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். ஊர் ஆலிம்களில் அரபு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சவூதி விதிகளின்படியே தவறு. இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி அட்டை கிடைத்த வாரத்திலேயே அப்ஷிர் கணக்கை உங்கள் எண்ணில் நீங்களே திறந்துகொள்ளுங்கள். கடவுச்சொல்லைக் கணவரிடமோ மேலாளரிடமோ கொடுத்து வைக்காதீர்கள். 2021 மார்ச் மாதத்திலிருந்து தனியார் துறைத் தொழிலாளர்கள் ரீ-என்ட்ரியை முதலாளியின் கையெழுத்து இல்லாமல் அந்தச் செயலி வழியாகத் தாமே எடுக்கலாம். முதல் முறை அதை எடுத்தபோது கைப்பேசியை வைத்துக்கொண்டு வாப்பாவை நினைத்துப் பார்த்தேன்.

நான் ஊர் திரும்பிய 2022இல், வேலை பார்க்கிற அல்லது வேலை தேடுகிற சவூதிப் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது ஐந்தில் ஒன்று அளவுதான். அதே ஆண்டு மார்ச் 8 அன்று அறிவிக்கப்பட்ட குடும்பச் சட்டமோ, பெண்ணின் திருமணத்தை அவளுடைய வலீயே நடத்தி வைக்க வேண்டும் என்பதையும், மனைவி சில காரியங்களில் கணவருக்குக் கட்டுப்படாவிட்டால் ஜீவனாம்சத்தை இழக்கலாம் என்பதையும் எழுத்தாகவே ஆக்கிவிட்டது. காரோட்டிக்கொண்டு தன் நிக்காஹுக்குப் போகிற பெண், அங்கே போய்த் தன் தம்பிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

அரபு மொழியில் ‘இங்கே கையெழுத்திடுங்கள்’ என்பதை ஆணிடம் ஒரு விதமாகவும் பெண்ணிடம் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டும். நான் போன புதிதில் ஆணுக்கான ‘வக்கி’ மட்டும்தான் எனக்குத் தெரியும், அதுவே போதுமானதாக இருந்தது. கடைசி ஆண்டுகளில் பெண்ணுக்கான ‘வக்கியீ’ தானாக நாவில் வந்தது.

2021 இறுதியில் அப்படி நான் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பெண்களில் ஒருவர், தம் சொந்தக் காரில் பிரசவத்துக்கு வந்தவர், ஒரு தனியார் நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்தவர். அவரோடு வந்திருந்த பணிப்பெண் இலங்கை அம்பாறைக் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். நான் தமிழில் பேசியதும் அக்கா என்ற பொருளில் “ராத்தா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தூங்கும் நேரம் எவ்வளவு, சம்பளம் சரியாக வருகிறதா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இலங்கையின் மூதூரிலிருந்து பணிப்பெண்ணாக வந்த ரிஸானா நஃபீக்கை எங்கள் தலைமுறைச் செவிலியர்கள் யாரும் மறக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்துமூன்று என்று பொய்யாக எழுதிய பாஸ்போர்ட்டோடு அனுப்பி வைத்தார்கள். வந்த சில வாரங்களில் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அவளே கொன்றாள் என்று தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9 அன்று அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ரீ-என்ட்ரியைத் தாமே எடுக்க வழிவிட்ட 2021ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணிப்பெண்கள் சேர்க்கப்படவில்லை.

சம்பளம் வருகிறது, அடி உதை இல்லை, பாஸ்போர்ட் மட்டும் அம்மணியிடம் இருக்கிறது என்றார் அந்தப் பெண். அது விதிக்கு மாறானது என்று நான் சொன்னேன். “வேண்டாம் ராத்தா, இன்னும் எட்டு மாசம்தான் கிடக்கு” என்று பதறிவிட்டார். அவர் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய எனக்கு உரிமையில்லை. குழந்தை பிறந்த மறுநாள், வாழ்த்துச் சொல்லப் போன நேரத்தில், இந்தப் பெண்ணின் வீட்டார் பாஸ்போர்ட்டின் படம் ஒன்று கேட்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பணிப்பெண்ணின் முன்னிலையிலேயே அம்மணியிடம் நான் கேட்டேன். அம்மணி தயங்காமல் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் படமெடுத்துப் பணிப்பெண்ணின் கைப்பேசியில் ஒன்றும், அவர் சம்மதத்தோடு என்னுடையதில் ஒன்றுமாக வைத்துக்கொண்டோம். தூதரக எண்ணையும் பதிந்து கொடுத்தேன். பிறகு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அது மறுபடியும் அந்தக் கைப்பைக்குள் போயிற்று.